கியர் விழாத படகு

கொல்கத்தாவில் வாழும் அன்பர்கள் மாலை வேளைகளில் பாபுகாட் படித்துறையில் நின்று ஹூக்ளி நதியைக் கண்டிருப்பார்கள். கடலின் ஏற்றமும் வற்றமும் இந்நகர்வரை எட்டுவதால், நதி தெற்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே தயங்கி நின்று, பின் வடக்கே திரும்பும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், வங்காளிகள் 'பான்' என்று அழைக்கும் நீர்ச்சுவர் எழுந்து வருவதும் உண்டு. இத்தகைய ஓட்டத்தில் துறையை நெருங்கும் படகோட்டி, வேகத்தைத் தடுக்கப் பின்செல்லும் கியரைப் போடுகிறான், அது விழவில்லை. அடுத்த கணத்தில் படகு படித்துறையில் மோதலாம். நங்கூரமிட்ட கப்பலை நோக்கி இழுபட்டும் போகலாம். ஆகவே, வெளிப்பொருத்து எந்திரத்தின் கியரில் தோன்றும் கோளாறுகளை இன்று சிறிது ஆராய்வோம்.

நதியில் ஓசையிட்டுச் செல்லும் 'புட்புட்டி'யின் டீசல் எந்திரம் படகினுள்ளே அமைந்தது. நாம் கூறுவதோ, படகின் பின்பலகையில் மாட்டப்படுவது. நாகை, இராமேசுவரம் கரைகளிலிருந்து வந்த நேயர்கள் ஃபைபர் படகுகளில் இதனைக் கண்டிருப்பர். சுந்தரவனத்தை 2009 மே 25 அன்று ஐலாப் புயலும், 2020 மே 20 அன்று அம்பன் புயலும் தாக்கின. அத்தகைய வெள்ளத்தில் மக்களை மீட்கச் செல்லும் ரப்பர்ப் படகுகளுக்கும் இதுவே உயிர்நாடி.

எந்திரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டின் நுனியில் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அது வேறிரண்டு பற்சக்கரங்களை எதிர்எதிர்த் திசைகளில் ஓயாது சுழற்றுகிறது. விசிறித் தண்டின்மேல் நகரும் கிளட்ச், அவற்றுள் ஒன்றைக் கவ்வினால் படகு முன்செல்லும். மற்றதைக் கவ்வினால் பின்வாங்கும். இரண்டையும் விட்டு நின்றால் அது நியூட்ரல். மோட்டார்க் காரின் கிளட்ச் வழுக்கிப் பற்றுவது. இதுவோ பல்லோடு பல் சேர்வது. எனவே, கைப்பிடியை அஞ்சி அஞ்சி மெல்லத் தள்ளுவது எந்திரத்துக்குக் காட்டும் இரக்கம் அன்று. பல் நுனிகள் உராய்ந்து மழுங்கும். மழுங்கிய பல், சுமை ஏறியதும் பிடியை உதறும். வேகத்தை முற்றும் தாழ்த்தி, நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு ஒரே மூச்சில் உறுதியாகப் போடுதலே முறை.

கைப்பிடி இறுகினால் பெட்டியைப் பிரிக்க விரைய வேண்டா. எந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, கியர்க் கேபிளை எந்திரத்தின் பக்கம் கழற்றுக. அப்போதும் கைப்பிடி அசைய மறுத்தால், குற்றம் துருவேறிய கேபிளிலோ கைப்பிடிப் பெட்டியிலோ உள்ளது. கைப்பிடி இலகுவாக அசைந்தால் கீழ்ப்பகுதியைச் சோதிக்க வேண்டும். நின்ற எந்திரத்தில் பற்கள் நேர்படாமல் கியர் இறுகுவது இயல்பு. விசிறியைக் கையால் சற்றே திருப்பிக்கொண்டு போட்டால் விழும்.

கியர் விழும்போது பற்கள் அரைபடும் ஓசை எழுந்தால், எந்திரத்தின் அடிவேகம் மிகுதியா என்று காண்க. போட்ட கியர் தானே விலகினால், கேபிள் முழுத் தூரம் நகரும்படி சரிசெய்க; அதன் பின்னும் விலகினால் கிளட்ச் தேய்ந்தது எனக் கொள்ளலாம். அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. கியர் விழுந்தும், எந்திரம் இரைந்தும், படகு நகராவிடில், விசிறியின் நடுவேயுள்ள ரப்பர்ப் புட்டை ஐயுறுக. புட்டின் உட்குழலுக்கும் விசிறிக்கும் குறுக்கே ஒரு கோடு வரைந்து, படகைச் சிறிது ஓட்டிப் பாருங்கள். கோடு பிரிந்திருந்தால் ரப்பர் வழுக்குகிறது.

கீழ்ப்பெட்டி எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், நீர் புகுந்துவிட்டது. விசிறித் தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு, எண்ணெயைக் காக்கும் சீலை அறுப்பதும் அதற்குக் காரணமாகலாம். விசிறியைக் கழற்றும்போதெல்லாம் அவ்விடத்தைப் பாருங்கள்.

இச்சோதனைகளைக் கரையில் கட்டிய படகில் செய்தல் வேண்டும். நடு நதியில் செய்ய ஓட்டம் நமக்கு அவகாசம் தராது. புறப்படுமுன் துறையிலேயே முன்னும் பின்னும் ஒருமுறை கியர் போட்டுப் பாருங்கள். எவ்வளவு நல்ல எந்திரமாயினும், இரண்டு துடுப்பும் கயிறு கட்டிய நங்கூரமும் இன்றிப் படகு அவிழ்க்கற்க.