மாநகராட்சிக்குப் புதுக் கம்ப்யூட்டர்

சொத்து வரி கட்டவோ பிறப்புச் சான்றிதழ் வாங்கவோ உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனவர்கள், "சர்வர் டவுன், அப்புறம் வாங்க" என்ற பதிலைக் கேட்டிருப்பார்கள். பல நேரம் பாவம், சர்வர் மேல் குற்றமே இருக்காது. கவுன்ட்டரில் இருக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் வயதாகியிருக்கும்.

அந்த வயது இப்போது ஆபத்தாகவும் ஆகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாமே என்றால், 2017-க்கு முந்தைய கம்ப்யூட்டர்களை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. காசு கொடுத்து அப்டேட் வாங்க வழியுண்டு. அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு. வட்டிக்கடைக் கணக்குதான்!

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர் காலையில் பஸ் ஏறி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி, மாலைக்குள் கம்ப்யூட்டரோடு திரும்பிவிடலாம். ஓசூர் மாநகராட்சியால் அப்படிச் செய்ய முடியாது. 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது; அரசு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரத் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் இருக்கிறது. தாமதமாகும்தான். ஆனாலும் ஒருவர் தன் இஷ்டத்துக்கு வாங்குவதைவிட இந்தத் தாமதம் மேல்.

எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆகவேண்டுமா? 2007 வாக்கில், ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் தலைமையில் எல்காட்டே தன் அலுவலகத்தில் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறியது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு இதே நிலை வந்தபோது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸைப் போட்டுக்கொள்ளும்படி தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. பிரவுசரில் ரசீது போடும் கவுன்ட்டருக்கு இன்றும் அது தாராளமாகப் போதும். பழக்கம்தான் விடுவதில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு தலைவலி காத்திருக்கும். பழைய தீர்மானங்களும் கடிதங்களும் 'வானவில்' போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை தெரியும். பொதுத் தரமான யூனிகோடுக்கு மாறச் சொல்லி 2010-லேயே அரசாணை வந்துவிட்டது. பழைய கோப்புகளை மாற்றும் வேலைதான் கிடப்பில் கிடக்கிறது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூர் பக்கத்தில், மூன்று எழுத்தையும் ஒரே கோப்பில் வைக்க யூனிகோடுதான் சுலபமான வழி. கோப்புகளை மாற்றும் செலவையும் டெண்டரிலேயே சேர்த்துவிட வேண்டும்.

சரி, கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்? இருப்புப் பதிவேட்டில் ஒரு கோடு அடித்து, இரும்புச் சாமானோடு ஏலம் விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அதன் ஹார்ட் டிஸ்க்கில் நம் பெயர், முகவரி, போன் நம்பர், சொத்து விவரம் எல்லாம் இருக்கும். 'டெலீட்' கொடுத்தால் அவை போய்விடாது. எடுக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். டிஸ்க்கை முறையாக அழித்துவிட்டுத்தான் வெளியே விடவேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, கழித்த கம்ப்யூட்டர்கள் பதிவு பெற்ற தயாரிப்பாளரிடமோ மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பாளரிடமோதான் போகவேண்டும். குப்பையில் கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரித்து மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பாளரிடமோ சேர்க்கும் பொறுப்பை அதே விதிகள் உள்ளாட்சிக்குத்தான் தந்திருக்கின்றன. ஊர்க் கழிவுக்குப் பொறுப்பேற்கும் அலுவலகம் தன் வீட்டுக் கழிவைக் காயலான் கடைக்கு அனுப்பலாமா?

ஓசூர் மாநகராட்சியில் 45 வார்டுகள். உங்கள் கவுன்சிலரைப் பார்த்தால், பழைய கம்ப்யூட்டர்கள் யாரிடம் போயின, ஹார்ட் டிஸ்க்கை அழித்ததற்குச் சான்று உண்டா என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.