நம்ம ரத்தத்துக்கும் ஒரு பாஸ்புக்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போ நானும் ஒரு குழு உறுப்பினர்தான். சத்துகளைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. எல்லாத்தையும் பேசினா சாப்பாடு ஆறிப்போகும். அதனால இரும்புச்சத்தை மட்டும் எடுத்துக்கிறேன்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்க. ரெண்டு பேரில் ஒருத்தருக்கு இருக்கலாம்.

ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும். மாதவிலக்கு வரும் வயதில் நமக்கு 29 வேணும். கூடுதலா தேவைப்படுறவ நாம. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுறவளும் நாமதான்!

உடம்புக்கும் நம்ம குழு மாதிரி சேமிப்பு உண்டு. வரவு குறைஞ்சா முதல்ல சேமிப்பு கரையும். அப்போ வெளியே பெரிசா தெரியாது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். பெண்களுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனா ரத்தசோகை. மேல்மூச்சு வாங்கும், தலை சுற்றும், கண் இமையின் உள்பக்கம் வெளுக்கும். பிரசவத்தில் ரத்தம் போனா தாங்கும் தெம்பு இருக்காது. தாய் உயிருக்கே ஆபத்து.

பீட்ரூட், மாதுளை சிவப்பா இருக்கிறதால ரத்தம் ஊறும்னு நினைக்கிறோம். அதில் இரும்பு கொஞ்சம்தான். கம்பு, முருங்கைக்கீரை, பயறு, சுண்டல் சாப்பிடுங்க. கறி சாப்பிடுறவங்க ஈரல், சுவரொட்டி சேர்த்துக்கலாம். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் இருந்தா உடம்பு இரும்பை நல்லா இழுத்துக்கும். சாப்பிட்ட உடனே டீ, காபி குடிச்சா அது தடுக்கும். ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க.

ரத்தம் குறைஞ்ச பிறகு சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேணும். "மாத்திரை போட்டா பிள்ளை கருப்பா பிறக்கும்"னு சொல்றது பொய். மலம் கருப்பா போகும், அது சாதாரணம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடாதீங்க. ஒண்ணு காலையில், ஒண்ணு ராத்திரி. எண்ணிக்கை ஏறியதும் நிறுத்திடாதீங்க. கரைஞ்ச சேமிப்பு நிரம்ப இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும். ஒழுங்கா போட்டும் ஏறலைன்னா டாக்டரிடம் சொல்லுங்க. பி12 குறைவு, குடற்புழு, அதிக உதிரப்போக்கு என்று வேறு காரணம் இருக்கலாம்.

சத்துதானேன்னு இஷ்டத்துக்குப் போடவும் கூடாது. கர்ப்ப காலத்தில் வைட்டமின் ஏ மாத்திரை மிஞ்சினா கருவையே பாதிக்கும். அதைவிட முக்கியமா ஒண்ணு: அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒண்ணில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. நமக்கு அது மருந்து. பத்து கிலோ எடையுள்ள குழந்தை, மிட்டாய்னு நினைச்சுப் பத்து மாத்திரையை முழுங்கினா உயிர் போகலாம். முதலில் வாந்தி வரும், பிறகு தெளிஞ்ச மாதிரி இருக்கும். அதை நம்பி வீட்டில் வைத்திருக்காதீங்க. மீதி அட்டையையும் எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மாத்திரையைத் தலையணைக்கு அடியிலும் அரிசி டப்பா மேலேயும் வைக்காம, பரணில் பூட்டி வையுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் சேர்ந்து போய்ப் பார்த்துட்டு வரணும். அவங்கவங்க எண்ணை, சேமிப்பு பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிக்குங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாருங்க. தவணை தவறினா ஒருத்தருக்கொருத்தர் கேட்கிறோமே, அதே மாதிரி "மாத்திரை போட்டியாக்கா?"ன்னும் கேட்போம்.