பசியில்லா எலியும் பாடம் சொல்லும்



உளவியல் பயில விரும்பும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் உள்ளனர். அப்பாடத்தில் 'கற்றல்' என்னும் பகுதி தவறாது இடம்பெறும். அப்பகுதி பெரிதும் விலங்குகளைக் கொண்டே வளர்ந்தது. ரஷ்ய அறிஞர் பாவ்லவ், உமிழ்நீர் வெளியே வடியுமாறு நாய்களுக்கு அறுவை செய்து ஆராய்ந்தார். அமெரிக்க அறிஞர் தார்ண்டைக், பசித்த பூனைகளைப் புதிர்ப் பெட்டிகளில் அடைத்துக் கண்டவற்றை 1898இல் வெளியிட்டார். ஸ்கின்னர், நெம்புகோலை எலி அழுத்தினால் உணவு விழும் பெட்டியை அமைத்து, தம் முடிவுகளை 1938இல் நூலாக்கினார். அப்பெட்டி பின்னர் மேலைநாட்டுக் கல்லூரிகளில் வகுப்புப் பயிற்சியாயிற்று.

உணவுக்காக எலி முயல வேண்டுமெனில் அது பசித்திருக்க வேண்டும். ஆகவே, அதன் இயல்பான எடையில் 80 அல்லது 85 விழுக்காடாகக் குறையும்வரை உணவைச் சுருக்குவது அப்பயிற்சியின் வழக்கம்.

"கொல்லவில்லையே, இதில் இம்சை எங்கே?" என்று வினவுவோர் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் விடை தருகிறது. அகிம்சை அணுவிரதத்திற்கு இழுக்காவன ஐந்து: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். உயிர் போகாத நிலையிலும் நேரும் கொடுமைகளையே சூத்திரம் இங்கே எண்ணிக் காட்டுகிறது. பெட்டியில் அடைபட்ட எலிக்கு இவற்றுள் இரண்டு நேர்கின்றன.

மாற்று வழி உண்டா? உண்டு. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆசிரியர்கள் 'ஸ்னிஃபி' என்னும் கணினி எலியை உருவாக்கினர். திரையில் அது உலவும், முகரும், நிமிர்ந்து நிற்கும். நெம்புகோலை நெருங்கும்போது மாணவர் உணவு அளிக்க வேண்டும். அடுத்து, அதனருகே நிமிரும்போது மட்டும். இறுதியில், அழுத்தும்போது மட்டும். உரிய கணம் தவறினால் எலி கற்பதில்லை. உணவை அறவே நிறுத்தினால் கற்ற செயல் மெல்ல மறையும். வலுவூட்டல், படிப்படியாக உருவாக்குதல், மறைதல் ஆகிய விதிகளை மாணவர் தம் கையாலேயே கண்டறிகிறார். எவ்வுயிரும் பட்டினி கிடப்பதில்லை.

கணினி எலி, அமைத்தவர் எண்ணியதற்கு அப்பால் எதுவும் செய்யாது. உயிருள்ள எலியோ வியப்பூட்டும் என்பர். உண்மையே. புதியதை ஆராய்வோர்க்கு அவ்வேறுபாடு பெரிது. ஆனால் முதலாண்டு மாணவர் புதியது எதையும் தேடவில்லை; முன்பே நிறுவப்பட்டதைப் பயில்கிறார். அதற்காக ஓருயிரை வாட்டுவது தகுமா? உயிரின் வியப்பைக் காண விரும்புவோர், தன் விருப்பில் வந்து தன் விருப்பில் செல்லும் வீட்டு நாயிடம் காணலாமே.

இன்னொன்றும் எண்ணுக. பரிசு பெற்ற செயல் வலுப்பெறும் என்பதே அப்பாடத்தின் முதல் விதி. ஓருயிரின் பசியைப் பொருட்படுத்தாத மாணவருக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தால், வலுப்பெறுவது எது? பெட்டிக்குள் எலி கற்கிறது. பெட்டிக்கு வெளியே நம் பிள்ளையும் கற்கிறது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் நாளில், செய்முறை வகுப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்று கேளுங்கள். மாணவர்களே, உயிரை வருத்தாத வழியைப் பணிவோடும் உறுதியோடும் வேண்டுங்கள். அறிவும் அருளும் உங்களிடம் ஒருங்கே வளரட்டும்.