வெள்ளைப் பொடியைப் படித்து வாங்குவோம்

(தொடர் கல்வி மையத்தில் ஒரு சுகாதாரச் செவிலியர் பேசியது)



இதோ, என் கையில் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே வெள்ளைப் பொடி. இது என்ன? சிலர் உப்பு என்கிறீர்கள். சிலர் சீனி என்கிறீர்கள். பின்னால் இருக்கும் அம்மா சரியாகச் சொன்னார். இது சோடா உப்பு. ஆப்பசோடா, சமையல் சோடா என்றும் சொல்வோம். வடக்கே 'மீட்டா சோடா' என்பார்கள். டாக்டர்கள் சோடியம் பைகார்பனேட் என்பார்கள். பெயர் பல. பொருள் ஒன்றுதான்.

இந்தப் பொடியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறேன். பாருங்கள், நுரைத்துப் பொங்குகிறது. புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும். அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. குஜராத்தில் டோக்ளா பஞ்சு போல இருக்கிறது. பஞ்சாபில் பட்டூரா உப்புகிறது. நம் ஆப்பம் மெத்தென்று வருகிறது. எலுமிச்சை விட்டும் பொங்கவில்லையா? அந்தச் சோடா பழையது. மாவில் போட்டுப் பயனில்லை.

எவ்வளவு போடலாம்? ஒரு சிட்டிகை போதும். கூடினால் பலகாரத்தில் சவர்க்கார வாடை அடிக்கும்.

கொண்டைக்கடலை சீக்கிரம் வேக வேண்டும் என்று சிலர் சோடா போடுகிறோம். கடலை வேகும். ஆனால் அதிலுள்ள பி1 வைட்டமின் கெடும். கீரையில் போட்டால் பச்சை நிறம் நிற்கும். சி வைட்டமின் போய்விடும். கடலையை முதல் நாள் இரவே ஊறப் போடுங்கள். சோடாவே வேண்டாம்.

இனி, மருந்து விஷயம். இதைக் கவனமாகக் கேளுங்கள். இது என் வீட்டில் நடந்தது.

ஒரு நாள் இரவு என் அப்பா கல்யாண விருந்து சாப்பிட்டு வந்தார். நெஞ்சு அடைக்கிறது என்றார். உடம்பெல்லாம் வியர்த்தது. இடது கை வலித்தது. "வாயுதான், வேறொன்றுமில்லை" என்றார். அம்மா தண்ணீரில் சோடா கரைத்துக் கொடுத்தார். பெரிய ஏப்பம் வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். விடியும் வரை காத்திருந்தோம். காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், "இது மாரடைப்பு. இரவே வந்திருக்க வேண்டும்" என்றார். அப்பா பிழைத்தார். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. அதன் பிறகு அவரால் ஏர் பிடிக்க முடியவில்லை.

அம்மா மேல் தப்பில்லை. எங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நெஞ்சு வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், கை அல்லது தாடையில் வலி இருந்தால் சோடாவைத் தேடாதீர்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.

அப்படியானால் சோடா மருந்தே இல்லையா? மருந்துதான். வயிற்றில் புளிப்பு நீர் சுரக்கிறது. சோடா அந்தப் புளிப்பைக் குறைக்கும். எப்போதாவது வரும் நெஞ்செரிச்சலுக்குப் பெரியவர்கள் அரை டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் கரைத்துக் குடிக்கலாம். முழுவதும் கரைய வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் குடிக்கக் கூடாது. உள்ளே உண்டாகும் வாயு ஆபத்தாகலாம். தினமும் குடிக்கக் கூடாது. இரண்டு வாரமாக எரிச்சல் நிற்கவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள்.

சோடாவும் ஒருவகை உப்புதான். ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் சோடியம் நம் உடம்புக்குக் கூடாது. ஒரு டீஸ்பூன் சோடாவிலேயே சுமார் 1¼ கிராம் சோடியம் இருக்கிறது. ஆகவே இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது. கைக்குழந்தைக்கு வயிறு உப்பினாலும் கொடுக்கக் கூடாது. சோடா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று செல்போனில் செய்தி வருகிறது. அது பொய். அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்குங்கள். அது கிடைக்கும் வரை, காய்ச்சி ஆற வைத்த 1 லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் கலந்து கொடுங்கள். எல்லாம் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு என்று நினைத்துச் சோடாவைப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. துணி துவைக்கும் சலவைச் சோடாவும் வெள்ளைதான். காஸ்டிக் சோடாவும் வெள்ளைதான். காஸ்டிக் சோடா வாயில் பட்டால் வாயும் உணவுக் குழாயும் வெந்துபோகும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சோடாவால் வேறு பயன்களும் உண்டு. அடிபிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில் சோடா தூவி, தண்ணீர் விட்டு ஊற வைத்துத் தேயுங்கள். அலுமினியப் பாத்திரத்துக்கு வேண்டாம், கறுத்துவிடும். வாணலி எண்ணெயில் சின்னதாகத் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, கை நிறைய சோடாவைத் தூவுங்கள். தட்டால் மூடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் இப்போது எழுதப் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். இன்றே ஒரு காகிதத்தில் 'சமையல் சோடா' என்று எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். உப்பு டப்பாவிலும் பெயர் எழுதுங்கள். சலவைச் சோடாவைச் சமையலறையில் வைக்காதீர்கள். கடையில் பொட்டலத்தின் பெயரையும் தேதியையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.



யோசித்துச் சொல்லுங்கள்:

1. சோடா பழையதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?
2. யார் யார் சோடா குடிக்கக் கூடாது?
3. நெஞ்சு வலியோடு வியர்த்தால் முதலில் என்ன செய்வீர்கள்?
4. உங்கள் வீட்டில் பெயர் எழுதாத டப்பாக்கள் எத்தனை?