பள்ளிக்கு நடந்து வரும் வழக்கம்

(மஹல்லா பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உடல்நலம் குறித்துச் சில நிமிடங்கள் பேசுமாறு நிர்வாகிகள் பணித்தபோது நமக்குத் தயக்கமே உண்டாயிற்று. நாம் மருத்துவர் அல்லர். வெளியூர் செல்லும்போது துணிமணிக்கு முன்பாக மாத்திரைப் பெட்டியை எடுத்து வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். எனினும், இடறி விழுந்தவனுக்குத்தான் பள்ளம் இருக்கும் இடம் தெரியும் என்ற துணிவில் பேச முற்படுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரியதோர் ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளியானது. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. இந்தக் கணக்கு நம் மஹல்லாவுக்குப் புதிதன்று. நாற்காலி போட்டுத் தொழுவோரின் வரிசை ஆண்டுக்காண்டு நீண்டு வருவதை நாம் அனைவரும் பார்க்கிறோம். ஐம்பது வயதைத் தாண்டாதவர்களின் ஜனாஸாவைச் சுமந்து சென்ற தோள்களும் இந்தச் சபையில் இருக்கின்றன.

நமக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தபோது, நாள்தோறும் அரை மணி நேரம் நடக்குமாறு மருத்துவர் கூறினார். புதிய காலணி வாங்கினோம். நாற்பது நாள் நடந்தோம். பிறகு மழை வந்தது, மழை நின்றது, நடை மட்டும் திரும்பி வரவில்லை. அக்காலணி இன்றும் புதிதாகவே இருக்கிறது. காரணத்தைப் பின்னரே உணர்ந்தோம். மருந்தாக எண்ணி நடந்தோம். மருந்தை மறப்பது மனித இயல்பு. அதே மழைக்காலத்தில் ஃபஜ்ருத் தொழுகையை நாம் விடவில்லை. அது நம் தந்தையின் கைபிடித்து வந்த நாள் முதல் நம்மோடு ஒட்டிய வழக்கம்.

ஸஹீஹ் முஸ்லிமில் உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி உண்டு. மஸ்ஜிதுக்கு மிகத் தொலைவில் வீடு கொண்டிருந்த ஒருவர் ஒரு தொழுகையையும் தவறவிடுவதில்லை. இருளிலும் வெயிலிலும் ஏறிவர ஒரு கழுதை வாங்கிக்கொள்ளலாமே என்று அவரிடம் கூறப்பட்டது. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருப்பதையே தாம் விரும்பவில்லை என்றும், வருகிற நடையும் திரும்புகிற நடையும் தம் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்றும் அவர் விடையளித்தார். அவை அனைத்தையும் அல்லாஹ் அவருக்குச் சேர்த்து வைத்துவிட்டதாக நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். பள்ளிக்கு அருகில் குடியேற விரும்பிய பனூ ஸலமா கூட்டத்தாரையும், காலடிகள் எழுதப்படுகின்றன என்று சொல்லி, இருந்த இடத்திலேயே இருக்கச் செய்தார்கள்.

அந்த நபித்தோழருக்குக் கழுதை தேவைப்படவில்லை. நமக்கோ இரண்டு தெரு தாண்டுவதற்கு மோட்டார் சைக்கிள் தேவைப்படுகிறது! ஜும்ஆ நாளில் பள்ளி வாசலில் வண்டிகளுக்கு நடுவே வழி தேடி உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.

இச்செய்தியைச் செவியுற்ற பின் ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். நம் வீட்டிலிருந்து பள்ளிக்குப் பத்து நிமிட நடை. இரு வேளையும் போய்த் திரும்பினால் நாளொன்றுக்கு 40 நிமிடம். வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது நமக்கு நான்கே நாளில் நிறைவேறிவிடுகிறது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியோடு வருவதே சுன்னத். ஆகவே வேகத்தைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம்!

பெருநாளன்று ஒரு வழியே சென்று மறு வழியே திரும்புவது நபிவழி. நாம் மற்ற நாள்களிலும் சுற்றுவழியாகத் திரும்பிப் பழகினோம். இப்போது பேரப்பிள்ளைகள் சுற்றுவழியையே கேட்கிறார்கள். அவர்களிடம் சர்க்கரையைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி நமக்கு மனப்பாடம். வலீமா விருந்தில் மட்டும் அது மறந்துவிடுகிறது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் ஒரே ஸஹனில் சிலர் சேர்ந்து உண்ணும் வழக்கம் பரக்கத்தானது. ஆனால் விருந்தாளி போதும் என்ற பிறகும் கறியை அள்ளி வைப்பதை உபசாரம் என்கிறோமே, அதை மாற்றிக்கொள்ளக் கூடாதா?

ரமளானைப் பற்றியும் ஒரு சொல். நோயாளிக்கு அல்லாஹ் அல்பகராவின் 184, 185ஆம் வசனங்களில் சலுகை அளித்திருக்கிறான். நமக்கு வேண்டியவர் ஒருவர், மருத்துவர் தடுத்திருந்ததை வீட்டாரிடம் மறைத்து நோன்பு நோற்று, அஸர் வேளையில் நினைவிழந்து விழுந்தார். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். ரப்பு தந்த சலுகையை ஏற்க வெட்கப்படுவது எந்த வகைப் பேணுதல் என்று நமக்கு விளங்கவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் ஷஅபானிலேயே மருத்துவரிடமும் ஆலிம்களிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பெண்களை இதில் நாம் மறந்தே போகிறோம். எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்பவர்கள் அவர்கள். நம் இரத்தப் பரிசோதனைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது. அவர்களுக்குக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது என்று இங்குள்ள எத்தனை பேரால் சொல்ல முடியும்? பள்ளிக்கு நடக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. அஸருக்குப் பின் மொட்டை மாடியிலோ தெருவிலோ அவர்களும் நடக்க, வீட்டு வேலையில் ஒரு பங்கை ஆண்கள் ஏற்றால் போதும்.

நிறைவாக, நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். நடந்து வாருங்கள் என்று நாம் சொன்னபோது, இருட்டையும் தெருநாயையும் காட்டிப் பலர் தயங்கினார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கபரஸ்தான் சுவரையொட்டிய தெருவில் மூன்று விளக்குகள் எரிவதில்லை. உள்ளாட்சி அலுவலகத்தில் ஜமாஅத்தின் பெயரால் மனு அளித்து அவற்றை எரியச் செய்தால், அடுத்த ஃபஜ்ருக்கே இன்னும் சிலர் நடந்து வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.