இருக்கும்போதே சூட்டும் மாலை



இரங்கற்பா இயற்றுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்துக்கொண்ட மரபு நம்முடையது. அத்துறைப் பாடல்கள் நிறைந்த புறநானூற்றிலேதான், அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த அதியமானையும் காண்கிறோம். புலவர் மறைந்தபின் புலம்புவதைவிட, அவர் நெடிது வாழ வழிசெய்வதே பெரிது என்றல்லவா அந்த ஈகை உணர்த்துகிறது?

1920-ஆம் ஆண்டு கடையத்தில் இருந்த பாரதியார், தம் எழுத்துகளை 40 நூல்களாக வெளியிடத் திட்டமிட்டார். அச்சுச் செலவுக்காக 20,000 ரூபாய் திரட்ட எண்ணி, அன்பர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அவர் கேட்டது நன்கொடை அன்று, கடன். அத்திட்டம் நிறைவேறவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில், 39 வயது நிறையுமுன் அவர் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் மிகச் சிலரே. 1947-இல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு அவர் நூல்களின் உரிமையைப் பெற்றது. இரண்டும் போற்றத்தக்க பணிகளே. ஆனால், கடன் கேட்டுக் காத்திருந்தவர் அவற்றைக் காணவில்லை.

அவருக்குத் தாசனெனத் தம்மை அழைத்துக்கொண்ட பாரதிதாசனுக்கு வாய்த்தது வேறு. 1946 ஜூலையில் சென்னையில் நடைபெற்ற விழாவில், திரட்டிய நிதி 25,000 ரூபாயை அறிஞர் அண்ணா கவிஞரின் கையிலேயே அளித்தார். அப்போது கவிஞருக்கு வயது 55. அதன்பின் ஏறத்தாழ 18 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். 'குறிஞ்சித்திட்டு' அக்காலத்தில் வெளிவந்த காவியமே.

அத்தகைய பெருநிதி நம்மால் இயலாது எனலாம். இயல்வன பல உண்டு. நண்பரின் நூலை அன்பளிப்பாக எதிர்பாராமல் விலை கொடுத்து வாங்கலாம். படித்தபின் நான்கு வரி எழுதி அனுப்பலாம். கண் மங்கிய மூத்த கவிஞர் சொல்லச் சொல்ல, அருகிருந்து எழுதித் தரலாம். அரங்குக்கு வருவதை நிறுத்திவிட்டவரின் வீட்டுக்கு நாம் செல்லலாம். இவை எவற்றுக்கும் தீர்மானம் வேண்டியதில்லை, மேடையும் வேண்டியதில்லை.

இம்மலரில் நம் கவிஞர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுள் யாரையேனும் போற்றிப் பாட உள்ளத்தில் ஒரு வெண்பா இருக்குமானால், அதை இரங்கற் கூட்டத்துக்கென்று சேமித்து வைக்காதீர்கள். அவர் செவி கேட்க இன்றே பாடுங்கள்.