வோல்காத் தோணியும் மனிதனின் தோளும்



ஐரோப்பாவிலேயே மிக நீளமான நதி ரஷ்யாவின் வோல்கா. 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் அதில் ஓடிய 'ரஷீவா' என்ற சரக்குத் தோணியைப் பற்றி இன்று பேசுவோம்.

தட்டையான அடி, ஒரு பாய்மரம், ஒரு பெரிய பாய். உப்பும் மீனும் தானியமும் அதில் ஏறும். நீரோட்டத்தோடு தெற்கே இறங்குவது சுலபம். பாரத்தோடு வடக்கே ஏறுவதுதான் பெரும்பாடு. காற்று வாய்த்தால் பாய் இழுக்கும். வாய்க்காவிட்டால்? மனிதன் இழுத்தான்!

அவனுக்குப் 'புர்லாக்' என்று பெயர். தோணியில் கட்டிய நீண்ட கயிற்றோடு சேர்த்த வாரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, கரையோர மணலிலும் சேற்றிலும் குனிந்து நடந்தான். நம் ஏர் மாட்டின் பாடுதான் இவன் பாடும்.  முன்பணம் வாங்கி வரி கட்டியவன், பனி உருகியதும் வாரை மாட்டியே தீரவேண்டும். முன்பணத்தில் சிக்கிய பண்ணையாளுக்கு இதை நாம் விளக்கவா வேண்டும்? எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் தாத்தாவும் இளமையில் இப்படித் தோணி இழுத்தவர்தான்.

1840-களில் வோல்காவில் நீராவிக் கப்பல் கம்பெனிகள் கால் ஊன்றின. பாய்மரமில்லாத பெரிய பார்ஜ்களை நீராவிக் கப்பல் இழுத்துச் சென்றது. காற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். நூறு பேருக்குக் கஞ்சி ஊற்றவும் வேண்டாம். நூற்றாண்டின் பிற்பாதியில் ரஷீவா மெல்ல மெல்ல மறைந்தது.

ஓவியர் இல்யா ரேப்பின் 1870 முதல் 1873 வரை தீட்டிய படத்தில் 11 பேர் தோணி இழுக்கிறார்கள். அடிவானத்தில் நீராவிக் கப்பலின் புகை சிறிதாகத் தெரிகிறது. தங்கள் பிழைப்பைப் பறிக்க வரும் அந்தப் புகையை அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? நெஞ்சில் வார் அழுத்துகிறதே!

தோழர்களே, அந்த வார் கழன்றதற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டோம். மனிதன் மாடாக உழைத்தது ஒழியவேண்டியதுதான். ஆனால் கப்பல் கம்பெனியின் சொத்து, லாபமும் அதற்கே. புர்லாக்குக்கு இருந்த சொத்து தோள் ஒன்றுதான். அந்தத் தோள் வேண்டாம் என்றானபோது, இத்தனை வருஷம் இழுத்தாயே, இந்தா உன் பங்கு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மில்லில் புதுத் தறி இறங்கும்போதும், வயலில் அறுவடை இயந்திரம் இறங்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். இயந்திரத்தின் மீது கல்லெறிய வேண்டாம். அது யாருடையது, அதனால் மிச்சமாகும் உழைப்பின் பலன் யாருக்கு என்று கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் காதில் விழாது. கூடிக் கேளுங்கள்!